இரண்டு மைக்ரான் எண்ணெய்

1973ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை பௌலிங் சுற்றில் டான் மெக்கியூன் என்ற ஆட்டக்காரர் ஆறு பட்டங்களை வென்று ஆண்டின் சிறந்த வீரரானார். அதற்கு முன்போ பின்போ அப்படியொரு ஆண்டு அவருக்கு வாய்க்கவில்லை. கை அதே கைதான், வீச்சும் அதே வீச்சுதான். பந்தின் தோல் மட்டும் மாறியிருந்தது. வார்னிஷைக் கரைக்கப் பயன்படும் மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற திரவத்தில் பிளாஸ்டிக் பந்தை ஊறப் போட்டு எடுத்திருந்தார் மனிதர். ஊறிய பந்தின் மேல்தோல் இளகி, தளத்தை மற்றவர்களின் பந்தைவிட இறுகப் பற்றியது. விஷயம் கசிந்ததும் மற்ற ஆட்டக்காரர்களும் பந்துகளை ஊறப் போட ஆரம்பித்தார்கள். அந்தத் திரவத்தின் ஆவி சட்டென்று தீப்பற்றக் கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சங்கங்கள் விழித்துக்கொண்டு பந்தின் கடினத்தன்மைக்கு வரம்பு கொண்டுவந்தன. ஒரு கூர்முனையைப் பந்தின் மேல் அழுத்தி, அது எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று பார்க்கும் 'ஷோர் டி' அளவுகோலில் 72க்குக் கீழே இறங்கும் பந்துக்கு அனுமதி இல்லை என்று அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் வைத்தது. ஆனால் மெக்கியூனின் பந்து காட்டிக்கொடுத்த உண்மையைச் சட்டத்தால் மூடி வைக்க முடியவில்லை. ஏழு கிலோ எடையுள்ள உருண்டை ஒன்றின் தலையெழுத்தை அதன் மேல்தோலின் மிக மெல்லிய அடுக்கு தீர்மானிக்கிறது.

இங்கே பௌலிங் என்றதும் கிரிக்கெட் நினைவுக்கு வந்தவர்களை ஒரு நொடி நிறுத்துகிறேன். இது மால்களில் காசு கட்டி, வாடகைக் காலணி மாட்டிக்கொண்டு, மூன்று துளையுள்ள கனத்த பந்தை உருட்டிப் பத்து பின்களைச் சாய்க்கும் ஆட்டம். அங்கே அடுக்கில் கிடக்கும் பொதுப் பந்துகள் கடினமான பாலியெஸ்டர் தோல் கொண்டவை. பளபளவென்று இருக்கும், விட்ட திசையில் நேராகப் போகும். அதை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் வரும் ஆட்டக்காரரைப் போல வளைத்து வீச முயன்று, கை சரியில்லை என்று நொந்துகொண்டவர்கள் உண்டு. கையை விடுங்கள், அந்தப் பந்தே வளைவதற்காகச் செய்யப்பட்டதில்லை.

ஏன் வளைய வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். வீசும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. தளத்தின் அகலம் 41.5 அங்குலம், அதில் 39 பலகைகள். வலக்கைக்காரரின் பந்து முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே புகுந்தால் பத்தும் விழ வாய்ப்பு அதிகம். அப்படிக் கச்சிதமாக விழும்போது பந்து தானாகத் தொடுவது நான்கே பின்களை: 1, 3, 5, 9. மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளிச் சாய்க்கின்றன. இதற்குப் பந்து ஓரளவு சாய்வாக உள்ளே நுழைய வேண்டும். ஏறத்தாழ 6 பாகை இருந்தால் நல்லது என்கின்றன சோதனைகள். தளத்தின் விளிம்பிலிருந்து நேர்கோட்டில் உருட்டினால் என்ன கிடைக்கும்? அகலத்தையும் நீளத்தையும் வைத்து நீங்களே கணக்குப் போடலாம். ஒன்றரைப் பாகைகூட வருவது சிரமம். மீதியை வளைவுதான் தர வேண்டும்.

வளைவைத் தருவது உராய்வு. ஆனால் தளத்தின் முதல் பெரும்பகுதியில் உராய்வைக் கொல்வதற்கென்றே எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்கள்! மரத் தளங்கள் தேய்ந்துபோகாமல் காக்க வந்த பழக்கம் அது. பிறகு ஆட்டத்தின் பாதியே அதுவாகிவிட்டது. இன்று ஒரு இயந்திரம் தளத்தின் மேல் ஊர்ந்து போய், எந்தப் பலகையில் எவ்வளவு என்ற கணக்கோடு கனிம எண்ணெயைப் பூசுகிறது. வழக்கமான பூச்சு சுமார் 40 அடி வரை போகும். கடைசி 20 அடி காய்ந்து கிடக்கும்.

அந்த எண்ணெய் எவ்வளவு கனம் இருக்கும்? ஒரு தளத்துக்கு 25 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஐந்து தேக்கரண்டி. அதை 40 அடி நீளம், மூன்றரை அடி அகலத்தில் பரப்பினால் பரப்பளவு சுமார் 13 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் படலத்தின் சராசரிக் கனம் இரண்டு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தலைமுடி ஒன்றை முப்பது முப்பத்தைந்து ஏடாகப் பிளந்தால் அதில் ஓர் ஏடு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அதன் மேல்தான் வழுக்கிக்கொண்டு போகப் போகிறது.

தொழில்முறை ஆட்டக்காரரின் பந்து மணிக்கு 29 கிலோமீட்டர் அளவில் கிளம்புகிறது. பந்தின் சுற்றளவு 27 அங்குலம். அந்த வேகத்தில் அது வழுக்காமல் உருள வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 700 சுற்று சுழல வேண்டும். கை கொடுக்கும் சுழற்சியோ பெரும்பாலும் 300லிருந்து 400 வரை. அதனால் பந்து முதலில் சறுக்கிக்கொண்டே போகிறது, சேற்றில் மாட்டிய சக்கரத்துக்கு நேர் எதிராக. சக்கரம் சுற்றும், வண்டி நகராது. இங்கே வண்டி ஓடுகிறது, சக்கரம் போதுமான அளவு சுற்றவில்லை. அந்தச் சுழற்சியும் சற்றுப் பக்கவாட்டில் சாய்ந்த சுழற்சி. அடிப்பகுதி தளத்தை உரசும் இடத்தில் உராய்வு பந்தைப் பின்னோக்கியும் இழுக்கிறது, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. பக்கவாட்டுத் தள்ளல்தான் ஆட்டக்காரர்கள் 'ஹூக்' என்று சொல்லும் வளைவு. உரசல் தொடரத் தொடரப் பந்தின் ஓட்டமும் சுழற்சியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஒத்துப்போன கணத்தில் சறுக்கல் நின்று பந்து உருள ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு வளைவு இல்லை, நேர்கோடுதான்.

சறுக்கல், வளைவு, உருளல் என்ற இந்த மூன்று கட்டமும் சுமார் இரண்டரை நொடியில் நடந்து முடிகின்றன. எண்ணெய்மேல் உராய்வுக் குணகம் சுமார் 0.04, காய்ந்த தளத்தில் 0.2 என்று இயற்பியல் கணக்குகளில் எடுத்துக்கொள்வார்கள். ஐந்து மடங்கு வித்தியாசம். ஆக, வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி. சீக்கிரம் தொடங்கினால் சக்தியெல்லாம் வழியிலேயே செலவாகி, பின்களை அடையும்போது பந்து சோர்ந்துபோயிருக்கும். தாமதமானால் வளைந்து முடிக்கும் முன்பே பின் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் தேய்ப்புத்தாள் வருகிறது. நம் ஊர் தச்சர் உப்புத்தாள் என்பாரே, அதன் நுட்பமான உறவுக்காரன். பௌலிங் கடைகளில் அதிகம் புழங்குவது ஃபின்லாந்தின் மிர்கா நிறுவனம் செய்யும் அப்ரலான் என்ற நுரைத் தட்டு. 500, 1000, 2000, 4000 என்று எண் போட்டு வரும். எண் ஏற ஏறத் துகள் பொடியாகும், பந்தில் விழும் கீறலும் நுண்மையாகும். சுழல்மேடையில் பந்தை வைத்து, தண்ணீர் தெளித்து, ஒரு பக்கம் தேய்த்து, பந்தைத் திருப்பி வைத்து அடுத்த பக்கம். எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்தாக வேண்டும். கடைசியில் வேண்டுமானால் மெருகுக் குழம்பு பூசிப் பளபளப்பாக்கலாம், வேண்டாமென்றால் மங்கலாகவே விடலாம்.

ஒரு பந்தின் தோலில் எவ்வளவு சொரசொரப்பு இருக்கலாம் என்பதற்கு அமெரிக்க சங்கம் வைத்திருக்கும் உச்சவரம்பு, சராசரியாக ஓர் அங்குலத்தின் பத்து லட்சத்தில் 50 பங்கு. மெட்ரிக்கில் மாற்றினால் ஒன்றேகால் மைக்ரோமீட்டர். இது சராசரிதான், தனித்தனி மேடுகள் அதைவிட உயரமாக இருக்கும். இப்போது எண்ணெயின் கனத்தை நினைத்துப் பாருங்கள்: இரண்டு மைக்ரோமீட்டர். இரண்டும் ஒரே தரத்து அளவுகள்! கீறிய பந்தின் மேடுகள் எண்ணெய்ப் படலத்தைக் குத்திக்கொண்டு அடியிலுள்ள தளத்தைத் தொட்டுவிடுகின்றன. எண்ணெய் பள்ளங்களுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. மெருகேற்றிய பந்துக்கு அப்படி மேடுகள் கிடையாது. அது எண்ணெயின் மேலேயே மிதந்து போகிறது, மழைக்காலத்தில் தேய்ந்த டயர் தண்ணீரில் மிதந்து பிரேக்குக்கு அடங்காமல் போவதைப் போல.

முதலில் இது எனக்குத் தலைகீழாகத்தான் தோன்றியது. பளபளப்பான பரப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்த கண்ணுக்கு, மெருகேற்றினால் பிடிமானம் கூடும் என்று தோன்றுவது இயல்பு. காய்ந்த பரப்பில் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. வழுவழுப்பான ரெசின் தோல் காய்ந்த தளத்தில் நன்றாகவே பற்றும். எண்ணெய் நடுவே வந்ததும் கதை மாறிவிடுகிறது. 500 எண் தட்டால் தேய்த்த பந்து எண்ணெய்க்குள்ளேயே தளத்தைப் பற்ற ஆரம்பித்து, நிதானமாக வளைந்து, சீக்கிரமே உருளத் தொடங்கிவிடும். அதே பந்தை 4000இல் தேய்த்து மெருகிட்டால் 40 அடி வரை அலட்டிக்கொள்ளாமல் சறுக்கி, காய்ந்த பகுதியைத் தொட்டதும் சட்டென்று திரும்பும். பார்ப்பவர்கள் இரண்டாவது பந்துதான் அதிகம் வளைகிறது என்று சத்தியம் செய்வார்கள். திருப்பம் கூர்மையாக இருப்பதால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. மொத்த உராய்வைக் கணக்கிட்டால் முதல் பந்துதான் அதிகம் வேலை செய்திருக்கும்.

தேய்த்த தேய்ப்பு நிலைத்து நிற்பதும் இல்லை. ஒவ்வொரு வீச்சிலும் தளமும், பந்தைத் திருப்பி அனுப்பும் இயந்திரமும் அதன் கீறல்களை மழுக்கிக்கொண்டே இருக்கின்றன. சில ஆட்டங்களுக்குள்ளேயே சொரசொரப்பு குறைந்து தடம் பளபளக்கத் தொடங்கும். அம்மியைப் பழகியவர்களுக்கு இது புரியும். அரைத்து அரைத்து வழவழத்துப்போன அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும், அரைபடாது. தெருவில் அம்மி கொத்துபவர் வந்து உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்ததும் மறுபடி கல்லுக்கு உயிர் வரும். தேர்ந்த பௌலர் தன் பந்தை அப்படித்தான் கொத்திக்கொண்டே இருக்கிறார், உளிக்குப் பதில் நுரைத் தட்டு.

தோலின் வேதியியலுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆரம்ப காலத்தில் லிக்னம் வைட்டே என்ற கனத்த மரத்தில் பந்து செய்தார்கள். 1905இல் கடின ரப்பர் வந்தது. அறுபதுகளில் பாலியெஸ்டர், 1981இல் யூரித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பழைய பந்துகளையெல்லாம் அலமாரிக்கு அனுப்பியது. அதன் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன, தொடும் இடத்தில் படலம் மெலிகிறது. குடித்த எண்ணெய் உள்ளேயே தங்கிவிடுவதால் நாளடைவில் பந்து மந்தமாகிவிடும். அப்போது வெந்நீரில் போட்டு எண்ணெயைக் கசியவிட்டு எடுப்பார்கள்.

துளை போடுவதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆட்டக்காரர்கள் கூடினால் பேசுவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான். எந்தப் பந்து, உள்ளே என்ன கரு, துளை எந்தக் கோணத்தில் என்று. பேசுவதற்கு அதில் விஷயமும் இருக்கிறது. ஆனால் எந்தக் காரணிக்கு எவ்வளவு பலம் என்று இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஐக்கிய அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் இயந்திரக் கையை வைத்து பந்துகளை வீசிச் சோதித்தபோது, மேற்பரப்பின் நுண்சொரசொரப்பு, தளத்தோடு அது கொள்ளும் உராய்வு, எண்ணெய் உறிஞ்சும் வேகம் ஆகியவைதான் முன்வரிசையில் நின்றன. கருவின் குணங்கள் அடுத்துதான் வந்தன. துளையால் ஒரு பக்கம் சில அவுன்ஸ் எடை கூடுவது குறைவது, அதாவது பல காலம் ஆட்டக்காரர்கள் தலையை உடைத்துக்கொண்ட பக்க எடை, வெகு பின்னால் கிடந்தது. சில நூறு ரூபாய்த் தட்டு செய்கிற வேலையைப் பல ஆயிரம் ரூபாய்ப் புதுப் பந்தில் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அப்படியானால் கருவும் துளையும் எதற்கு? அவற்றின் பெரிய வேலையும் அந்த இரண்டு மைக்ரான் எண்ணெயைச் சுற்றித்தான் இருக்கிறது.

நவீனப் பந்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு விளக்குக் குமிழ் வடிவமோ, செதுக்கிய கட்டையோ இருக்கும். சுற்றிலும் உள்ள நிரப்பியைவிட அடர்த்தியான பொருள். உருண்டைக்குள் உருண்டையல்லாத ஒன்றை வைத்துவிட்டதால், எந்த அச்சில் சுழற்றுகிறோம் என்பதைப் பொறுத்து நிலைமத் திருப்புத்திறன் மாறுகிறது. பந்து செய்பவர்கள் இதைச் சுழற்சி ஆரம் என்ற அளவில் சொல்வார்கள். விதிப்படி அது 2.46லிருந்து 2.80 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே பந்தில் மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள இடைவெளி 0.060 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும் இந்த இடைவெளிதான் பந்தைத் தலையாட்ட வைக்கிறது.

பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணியில் நேராக நின்று தூங்கும் பம்பரம் ஆடாது. சாய்ந்துவிட்டதோ, சுழன்றுகொண்டே தலையையும் சுற்றும். பந்தின் கருவும் அப்படித்தான். கருவின் தலைப்பகுதி எந்த இடத்துக்கு நேராக இருக்கிறது என்று காட்ட, பந்தின் மேல் ஒரு சிறிய வண்ணப் புள்ளி இருக்கும். 'பின்' என்று அதற்கும் பெயர், சாய்க்கிற பின்னோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆட்டக்காரரின் வீச்சில் பந்து எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சு பந்தின் தோலைத் தொடும் இடத்தைத் துளையிடுபவர் முதலில் கண்டுபிடிக்கிறார். நாலைந்து முறை வீசச் சொல்லி, எண்ணெய்த் தடத்தை வைத்து, பூமியின் துருவத்தைக் குறிப்பதுபோல ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டுவார். அது ஆளுக்கு ஆள் மாறும், கைரேகை மாதிரி.

பிறகு அந்தத் துருவத்திலிருந்து வண்ணப் புள்ளி எவ்வளவு தூரத்தில் வர வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கேற்ற இடத்தில் விரல் துளைகளைப் போடுகிறார். புள்ளி துருவத்திலேயே அமைந்தால் கரு தூங்கும் பம்பரம்போல நிலையாகச் சுழலும். பந்தின் கால் சுற்றளவான ஆறேமுக்கால் அங்குலத்தில் அமைந்தாலும் ஏறத்தாழ அப்படியே. இரண்டுக்கும் நட்டநடுவே, 3⅜ அங்குலத்தில் வைத்தால் கரு நிம்மதியே இல்லாமல் நகரும், தலையாட்டம் உச்சத்தில் இருக்கும். இதற்கு மேல் இரண்டு கோணங்களையும் சேர்த்துக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. 2021இல் மறைந்த கரு வடிவமைப்பாளர் மோ பினெல் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். பந்து எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு கூர்மையாகக் கட்டம் மாறுகிறது என்பதை அந்தக் கோணங்கள் மெல்லத் திருத்துகின்றன.

தலையாட்டத்தால் என்ன லாபம்? எண்ணெயில் ஓடும் பந்து முதல் சுற்றிலேயே தன் இடுப்பைச் சுற்றி ஒரு எண்ணெய் வளையத்தைப் பூசிக்கொள்கிறது. அச்சு அசையாமல் இருந்தால் இரண்டாவது சுற்றிலும், பத்தாவது சுற்றிலும் அதே நனைந்த வளையம்தான் தளத்தைத் தொடும். நனைந்த தோல், நனைந்த தளம், பிடிமானம் எங்கிருந்து வரும்? அச்சு நகர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தொடும் வளையமும் சற்றுத் தள்ளிப் போகிறது. ஒவ்வொரு முறையும் காய்ந்த, புதிய தோல் கிடைக்கிறது. எவ்வளவு காய்ந்த தோல் தளத்தைத் தொட வேண்டும் என்பதைத் துளை தீர்மானிக்கிறது, தொட்ட தோல் எண்ணெய்க்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதைத் தேய்ப்பு தீர்மானிக்கிறது. நன்றாகத் தலையாட்டும் கருவுள்ள பந்தை மெருகேற்றினால் அந்தக் காய்ந்த தோலெல்லாம் பூச்சுள்ள பகுதியில் வீணாய் மிதந்து போகும். ஆகவே பந்தின் குணம் பிடிக்கவில்லை என்றால், அடைத்துவிட்டு மறுபடி துளை போடச் சொல்வதற்கு முன் தேய்த்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம். தேய்த்ததைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

துளை என்பது வெற்றிடம்தானே என்று நினைக்க வேண்டாம். ஓர் அங்குல விட்டத்தில் இரண்டேமுக்கால் அங்குல ஆழத்துக்குக் கட்டைவிரல் துளை போட்டால் ஏறக்குறைய 45 கிராம் பொருள் வெளியே வருகிறது. அதுவும் கருவுக்கு அருகிலிருந்து. இதைப் பயன்படுத்தி விரலே நுழையாத கூடுதல் துளை ஒன்றைப் போட்டுப் பந்தின் குணத்தைத் திருத்துவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2020 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க விதிகள் அதை நிறுத்திவிட்டன. துளை போட்டால் அதில் விரல் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டே, ஃபின்லாந்தின் ஒஸ்கு பலெர்மா போன்றோர் பிரபலமாக்கிய இரு கை வீச்சில் கட்டைவிரல் நுழைவதே இல்லை. அப்படி வீசுபவர்களுக்குக் கட்டைவிரல் துளையே இல்லாத பந்து வேண்டும். துளையிடுபவருக்கு அது முற்றிலும் வேறு கணக்கு.

தேய்ப்பதற்கும் நேரம் குறித்திருக்கிறார்கள். போட்டி தொடங்கிவிட்டால் தட்டைத் தொடக் கூடாது. 2019 ஆகஸ்ட் முதல் ஆட்டத்தின் நடுவே திரவம் எதையும் ஊற்றித் துடைக்கவும் தடை. மிச்சமிருப்பது ஒரு உலர்ந்த துண்டு. ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் பந்து திரும்பி வரும்போது ஆட்டக்காரர்கள் அதைக் கையிலெடுத்து ஒரு கணம் உற்றுப் பார்ப்பதைக் கவனித்திருக்கலாம். அவர்கள் பார்ப்பது வளையங்களை. மெல்லிய எண்ணெய்க் கோடுகள் வரிசையாக, இரண்டு இடங்களில் நெருங்கி, மற்ற இடங்களில் விரிந்து, உடுக்கையை இடையில் இறுக்கியதுபோல இருக்கும். கோடுகளுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருந்தால் கரு நன்றாகத் தலையாட்டியிருக்கிறது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் ஆட்டவில்லை. படித்து முடித்துத்தான் துடைப்பார்கள்.

துளையிடுபவருக்கு இன்னொரு வழியும் உண்டு, அதற்குக் கண்கூட வேண்டாம். தலையாட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு விரியும் என்ற கணக்கு தப்பினால், வளையங்கள் நகர்ந்து நகர்ந்து விரல் துளையின் விளிம்பின்மேலேயே ஏறிவிடும். அந்தப் பந்து தளத்தில் வழுக்கி ஓடுகையில் ஒவ்வொரு சுற்றிலும் துளை தரையைத் தட்டும். டக், டக், டக் என்று, ஓட ஓட வேகமாகிக்கொண்டே போகும் சத்தம். அது கேட்டதும் கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுத் தளத்தைத் திரும்பிப் பார்ப்பார்.